ஏற்காட்டில் கிமோனோ போட்டோஷூட்: துணி அசல், கட்டுகிற கைதான் இன்னும் பழகணும்

மூன்றரை நட்சத்திரம். துணிக்கு மட்டும் என்றால் ஐந்தும் கொடுத்திருப்பேன். உடுத்திவிட்டதற்கு இரண்டு. ஆல்பத்துக்கு முதலில் ஒன்று, திருத்திக் கொடுத்த பிறகு மூன்று. கூட்டி வகுத்தால் சரியாக வராது, ஆனால் என் கணக்கு இதுதான்.

நான் சேலம் அம்மாபேட்டையில் பிளவுஸ் தைக்கிறவள். மாமனார் இருந்தவரை வீட்டில் தறி ஓடியது. பட்டா, பாலியெஸ்டரா என்று விரலில் தேய்த்தே சொல்லிவிடுவேன். அதனால் கிமோனோ என்கிற ஜப்பான் உடுப்பை வாடகைக்குக் கொடுத்துப் போட்டோ எடுக்கிற இந்த ஸ்டூடியோவைப் பற்றி நான் எழுதுவதில் போட்டோ கொஞ்சமாகவும் துணி நிறையவும்தான் இருக்கும். போட்டோ மட்டும் போதும் என்பவர்கள் கடைசிக்கு ஓடிவிடுங்கள்.

என் மகள் காலேஜ் படித்துக்கொண்டே ஆன்லைனில் ஜப்பான் மொழி படிக்கிறாள். இருபது வயது முடிந்த கையோடு வந்து நின்றாள். "அம்மா, அங்க இருபது வயசு ஆனா ஊரே கூப்பிட்டு விழா எடுக்கறாங்க. எனக்கு அந்த டிரஸ்ல ஒரு போட்டோ வேணும்."

"உனக்குத்தான் பதிமூணு வயசிலயே பந்தல் போட்டு எடுத்தாச்சே கண்ணு?"

"அது நீங்க எடுத்தது. என்னை யாராவது கேட்டீங்களா? தெருமுனையில ஃபிளெக்ஸ் வெச்சு, ஸ்கூல் வேன்ல வர்ற பசங்க எல்லாம் பார்த்து..."

அன்றைக்கு என் தம்பி கொண்டு வந்த சீர்த்தட்டு எத்தனை என்று இன்றைக்கும் சொந்தத்தில் பேசுவார்கள். அவளுக்கு ஞாபகம் இருப்பது அந்த ஃபிளெக்ஸ். நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை, பேக்கேஜ் எவ்வளவு என்று மட்டும் கேட்டேன்.

16,500 ரூபாய். கிமோனோ வாடகை, மேக்கப், தலை அலங்காரம், ஏற்காட்டில் அரை நாள், ஒரு ஆல்பம். கார் தனி. ஸ்டூடியோவில் இதற்கு 'ஜப்பான் தீம்' என்று பேர். பிறந்தநாள், நிச்சயதார்த்தம், மஞ்சள் நீராட்டு எல்லாவற்றுக்கும் அதே தீம்தான் காட்டுகிறார்கள். எங்கள் வீட்டுப் பெண் கேட்டது அந்த இருபது வயது விழாவுக்கான உடுப்பு என்றதும் ஓனர் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அக்கா, அதுக்குன்னா உள்ள ஒண்ணு இருக்கு" என்றார். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

அந்த விழாவை மகள் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். ஜனவரி மாதம் இரண்டாவது திங்கட்கிழமை, நாடு முழுக்க அரசு விடுமுறை. அந்தந்த ஊர் நகராட்சியே அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அழைப்பு அனுப்பி, மண்டபத்தில் உட்கார வைத்து, மேயர் நாலு வார்த்தை பேசுவாராம். பெண், பையன் இருவருக்கும் ஒரே விழா. 1946 நவம்பரில் தோக்கியோவுக்குப் பக்கத்தில் வராபி என்ற ஊரில், போர் முடிந்து சோர்ந்து கிடந்த இளவட்டங்களுக்குத் தெம்பு கொடுக்கப் பள்ளிக்கூட மைதானத்தில் கூடாரம் போட்டு நடத்தினார்கள். அதைப் பார்த்துத்தான் 1949 ஜனவரி 15-லிருந்து நாடே கொண்டாட ஆரம்பித்தது. 2000-லிருந்து தேதி போய் இரண்டாவது திங்கள் ஆனது. 1876-லிருந்து இருபதாக இருந்த மேஜர் வயதை 2022 ஏப்ரல் 1 முதல் பதினெட்டாக்கிவிட்டார்கள். ஆனாலும் பெரும்பாலான ஊர்களில் விழாவை இருபதுக்கே வைத்திருக்கிறார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு ஜனவரியில் காலேஜ் நுழைவுத் தேர்வு. பிளஸ் டூ பிள்ளை இருக்கிற வீட்டில் அந்த நேரத்தில் விசேஷம் வைத்தால் என்ன நடக்கும் என்று நமக்கா தெரியாது? தண்ணி, சிகரெட்டுக்கு வயது இன்னமும் இருபதுதானாம். அதைச் சொன்னபோது மகள் என் முகத்தையே பார்த்தாள்.

இரண்டாவது திங்கள் என்றால் எப்படிப் பார்த்தாலும் 8-லிருந்து 14-க்குள்தான் வரும். எனக்கு அது பொங்கல் பிளவுஸ் அவசரம், தலை நிமிர முடியாது. ஜப்பானிலும் போட்டோவை மாதக்கணக்கில் முன்னாலேயே எடுத்து வைத்துக்கொள்வது வழக்கமாம். அதைப் பிடித்துக்கொண்டு டிசம்பரிலேயே முடித்துவிட்டோம்.

அட்வான்ஸ் விஷயத்தில் ஸ்டூடியோவுக்கு முழு மார்க். மகள் ஒரு கதை சொல்லி என் வயிற்றில் புளியைக் கரைத்திருந்தாள். 2018 ஜனவரி 8, விழா நாளன்று காலையில், யோகோஹாமாவில் ஒரு கிமோனோ வாடகைக் கம்பெனி கதவைப் பூட்டிவிட்டுக் காணாமல் போனது. வருஷக்கணக்கில் முன்கூட்டிப் பணம் கட்டிய பெண்கள் விடியற்காலையில் வந்து நின்றால் உடுப்பும் இல்லை, உடுத்திவிட ஆளும் இல்லை. அதனால் நான் பாதிப் பணம்தான் கட்டுவேன் என்றேன். முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டு, ஜிஎஸ்டி போட்ட பில்லில் கிமோனோவின் நிறம், எண், கூடவரும் சாமான் எல்லாம் எழுதிக் கொடுத்தார்கள். சேலத்தில் கல்யாண போட்டோவுக்கே துண்டுச் சீட்டில் கிறுக்கித் தருகிறவர்கள் உண்டு.

இனி அந்த 'உள்ள ஒண்ணு இருக்கு'.

வெளியே ஹேங்கரில் தொங்குவதெல்லாம் சாட்டின் மாதிரி பளபளக்கிற பாலியெஸ்டர் அங்கி. முன்னால் வெல்க்ரோ, பின்னால் ஒட்டுப்போட்ட ரிப்பன் முடிச்சு. கை ஒன்றரை அடிகூடத் தொங்காது. குழந்தைகள் மாறுவேடப் போட்டிக்கு ஆகும். இருபது வயது விழாவுக்குக் கல்யாணமாகாத பெண்கள் உடுத்துவது ஃபுரிசோதே என்ற நீளக் கை கிமோனோ. அந்தக் கை ஒரு மீட்டர் வரை, சிலதில் அதற்கும் மேலே, கணுக்காலை நெருங்கித் தொங்க வேண்டும். ஓனர் தம்பியின் மச்சான் ஜப்பானில் வேலை பார்க்கிறாராம். பழைய துணிக் கடையில் வாங்கி அனுப்பிய ஒன்று பீரோவில் மஸ்லின் துணி சுற்றி வைத்திருந்தார்கள். அடர் சிவப்பு, கீழே வரவர வெள்ளையும் பொன்னுமாகக் கொக்கும் பைன் மரமும்.

கையில் வாங்கினதுமே தெரிந்துவிட்டது, பட்டு. அதுவும் முறுக்கு நூல் போட்டு லேசாகச் சுருக்கம் விழுகிற பட்டு. நம் வெண்பட்டு மாதிரி வழுவழுப்பு இல்லை. உள்பக்கம் புரட்டிப் பார்க்கலாமா என்று கேட்டு, வெளிச்சத்துக்குக் கொண்டு போனேன். மேக்கப் பெண் என்னை விநோதமாகப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

முழு உடுப்பிலும் வளைவு வெட்டு என்று ஒன்றுமே இல்லை. அக்குள் வளைவு இல்லை, கழுத்து ரவுண்ட் இல்லை, டார்ட் இல்லை, பிரின்சஸ் கட் இல்லை. 14 அங்குலம் அகலத்தில் 12 மீட்டருக்கு மேல் ஓடுகிற ஒரே துணிச் சுருளை நேர்நேராக வெட்டி, முதுகுக்கு நடுவில், பக்கத்தில், கை சேருகிற இடத்தில் என்று எல்லாம் நேர்த்தையலாகவே போட்டிருக்கிறார்கள். மிச்சத் துணியை வெட்டி எறியாமல் உள்ளேயே மடித்து விட்டிருக்கிறார்கள். ஆள் பெருத்தால் பிரித்து விட்டுக்கொள்ளலாம். நல்ல உடுப்பை நன்றாகத் துவைக்க வேண்டும் என்றால் தையல் முழுவதையும் பிரித்து, துணியைத் திரும்ப ஒரே நீளமாக்கித் துவைத்து, மறுபடி தைப்பதும் அங்கே பழைய வழக்கமாம். கையால் போட்ட ஓட்டுத்தையல்தான், அதனால் பிரிப்பது சுலபம். உயரம்? அதற்கும் வெட்டு கிடையாது. இடுப்பில் மடித்துக் கட்டி ஏற்றிக்கொள்கிறார்கள். பேத்திக்கும் பாட்டிக்கும் ஒரே உடுப்பு ஆகும்.

என்னை அசத்தியது பூவேலை. கொக்கின் சிறகு பக்கத் தையலைத் தாண்டி அடுத்த துண்டில் ஒரு நூல்கூடப் பிசகாமல் தொடர்கிறது. கட்டம் போட்ட துணியிலேயே ஜாயின்ட் சேர்ப்பதற்கு எனக்கு நாக்குத் தள்ளும். இது எப்படி என்று மகளைக் கேட்டேன், தேடிப் படித்துச் சொன்னாள். முதலில் வெள்ளைத் துணியை உடுப்பாகத் தற்காலிகமாகத் தைத்து, அதன்மேல் படத்தை வரைந்து, பிறகு பிரித்துச் சாயம் போட்டு, மறுபடியும் தைக்கிறார்கள். ஒரு உடுப்புக்கு இரண்டு தையல். எந்தக் கஸ்டமரும் வெளியிலிருந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஓனர் தம்பிக்கே இது தெரியவில்லை. இந்த ஒன்றுக்காகவே நீங்கள் வெளியே தொங்குவதை விட்டுவிட்டு இதைக் கேட்டு வாங்க வேண்டும். கூடுதலாக 2,000 கேட்டார்கள், கொடுத்தேன். வலது கை ஓரத்தில் மஞ்சள் கறை ஒன்று இருக்கிறது, பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது குறைக்கு வருகிறேன். உடுத்திவிடுகிற பெண் நல்ல பெண், மேக்கப் பிரமாதம், அவள் சொருகிய பட்டுப்பூ நாள் முழுக்க அசையவில்லை. ஆனால் கிமோனோ கட்டுவதை வீடியோ பார்த்துத்தான் பழகியிருக்கிறாள். எடுத்த எடுப்பில் வலது பக்கத்தை மேலே போட்டு மூடினாள். நம் ஊர் பெண்கள் சட்டைக்கு வலதுதானே மேலே வரும், அந்தப் பழக்கம். மகள் "ஐயோ அக்கா, மாத்துங்க" என்று கத்திவிட்டாள். கிமோனோவில் ஆணோ பெண்ணோ, உடுத்துகிறவரின் இடது பக்கம்தான் மேலே வர வேண்டும். வலது மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்துகிற முறை. நம் ஊரிலும் சாவு வீட்டில் எல்லாம் இடம் வலம் மாறித்தான் நடக்கும், எனக்குப் பக்கென்றது. இருபது வயதுப் பிள்ளைக்கு, விழாவும் அதுவுமாக!

சொல்லிக் கொடுத்ததும் திருத்திக்கொண்டாள். சரி. அடுத்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஊக்கு! அந்தப் பட்டில், இடுப்பு மடிப்பு நிற்பதற்காக, பெரிய ஊக்கை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். கிமோனோவில் பட்டன், ஹூக், ஊக்கு எதுவும் கிடையாது. எல்லாம் நாடாதான். உள்ளே ஒன்றுக்குமேல் ஒன்றாக நாடா கட்டி இறுக்கி, அதெல்லாம் மறைகிற மாதிரி மேலே ஒபி என்கிற அகலப் பட்டியைச் சுற்றுவார்கள். ஸ்டூடியோவில் நாடா செட் காணாமல் போயிருந்தது. என் பையில் எப்போதும் பாவாடை நாடா ஒரு சுருள் இருக்கும். அதை வெட்டிக் கொடுத்துக் கட்ட வைத்தேன். சாயங்காலம் வரை மடிப்பு இறங்கவில்லை. அந்த நாடாவை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன், அடுத்து போகிறவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒபி நாலு மீட்டருக்கு மேல் நீளம் வருகிற துணி. அதைப் பின்னால் முடிச்சுப் போட நல்ல கைப்பழக்கம் வேண்டும். இங்கே முடிச்சைத் தனியாகத் தைத்து வைத்துக் கொக்கியில் மாட்டுகிறார்கள். ஜப்பானிலும் அப்படி ரெடிமேட் உண்டு என்பதால் குறை சொல்லமாட்டேன். செருப்பு சரியில்லை. கட்டைவிரல் பிரிந்த சாக்ஸ் வேண்டும், கொடுத்ததோ ஸ்கூல் வெள்ளை சாக்ஸ். வார் உள்ளே போகவில்லை. போட்டோகிராபர் கடைசிவரை பாதத்தை ஃபிரேமுக்குள் வரவிடாமல் சமாளித்தார்.

மேலே போவது பற்றி ஒரு யோசனை. கோரிமேடு தாண்டி அடிவாரத்திலேயே உடுத்திவிட்டுக் கிளம்பலாம் என்றார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். முதுகில் முடிச்சோடு சீட்டில் சாய முடியாது, இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. நாங்கள் அடம்பிடித்து ஏரிக்குப் பக்கத்தில் லாட்ஜ் அறை எடுத்து அங்கே உடுத்தினோம். அறை வாடகை நம் தலையில்தான். இடம் மாறும்போதும் அவள் சீட் நுனியில்தான் உட்கார்ந்து வந்தாள். அதனால் இடத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். பகோடா பாயிண்டுக்குப் போனது வீண். பேரைக் கேட்டு ஜப்பான் கோபுரம் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், கல் அடுக்கும் கோயிலும் டூரிஸ்ட் கூட்டமும்தான். மிளகாய் பஜ்ஜித் தட்டோடு ஒரு குடும்பமே பின்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டது. மகள் தோளில் போட்டிருந்த வெள்ளை ரோமச் சால்வையைக் குரங்கு ஒன்று வெகுநேரம் யோசனையோடு பார்த்துக்கொண்டிருந்தது. கிளம்பிவிட்டோம்.

எஸ்டேட்தான் இடம். அனுமதி ஸ்டூடியோவே வாங்கி வைத்திருந்தார்கள், அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை. டிசம்பரில் காப்பிப் பழம் பழுத்துக் கிளை கிளையாகச் சிவந்திருக்கிறது. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி, நடுவில் பனி. அந்தச் சிவப்பு உடுப்புக்கு வேறு செட்டிங் வேண்டியதே இல்லை. பழம் பறித்துக்கொண்டிருந்த அக்கா ஒருத்தர் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தார்.

"கல்யாணமா கண்ணு?"

"இல்லைங்க. இருபது வயசு ஆயிருச்சு."

"அதுக்கா இவ்வளவு?"

மகள் சிரித்தாள். "அதுக்குத்தாங்க."

"சரி சாமி, நல்லா இரு. கை மண்ணுல இழுபடுது பாரு" என்று அவரே இரண்டு கையையும் தூக்கி மகளின் முழங்கையில் போட்டுவிட்டார். போட்டோகிராபர் அதை விடாமல் எடுத்துவிட்டார். ஆல்பத்தில் எனக்குப் பிடித்த படம் அதுதான். போஸ் சொல்லிக் கொடுத்து எடுத்த எதுவும் அதற்குப் பக்கத்தில் நிற்காது. கேமரா பிடிக்கிற தம்பிக்கு எப்போது வாய் மூட வேண்டும் என்று தெரிகிறது. சேலத்தில் அது அபூர்வம்.

ஆல்பம்தான் தலைவலி. முதல் பிரதியில் சில்வர் ஓக் மரமெல்லாம் செர்ரிப் பூ பூத்திருந்தது. கம்ப்யூட்டர் வேலை. அந்த விழா நடப்பது நடுக் குளிர்காலத்தில், செர்ரி பூப்பது மார்ச் கடைசி, ஏப்ரலில். மகள் முகத்தைச் சுண்ணாம்பு அடித்த சுவராக்கி வைத்திருந்தார்கள். அவள் நிறம் என் நிறம், அதை யாரும் மாற்றிக் கொடுக்கச் சொல்லி நாங்கள் காசு கட்டவில்லை. அதைவிட மோசம் நடுப்பக்கம். இரண்டு படமும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி இருக்கட்டும் என்று டிசைனர் ஒரு படத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிப் போட்டுவிட்டார். விளைவு, நாங்கள் கத்தித் திருத்திய மடிப்பு மறுபடியும் வலது மேலே! புடவை படத்தைத் திருப்பினால் முந்தானை வலது தோளுக்குப் போய்விடும், யாராவது உடனே கண்டுபிடிப்பார்கள். இதில் யாருக்கும் தெரியாது என்று நினைத்துவிட்டார்கள். மகளுக்கு முதல் பார்வையிலேயே தெரிந்தது.

மூன்றையும் எழுதிக் கொடுத்தோம். ஓனர் தம்பி வாக்குவாதம் செய்யவில்லை, கூடுதல் பணமும் கேட்கவில்லை. முழு ஆல்பத்தையும் திரும்ப அச்சடித்துக் கொடுத்தார். அதற்காக இரண்டு நட்சத்திரம் ஏற்றினேன். ஆனால் கடை வாசலில் தொங்குகிற பெரிய விளம்பரப் படத்திலும் மாடல் பெண்ணுக்கு வலதுதான் மேலே இருக்கிறது. "அதுவும் ஃபிளிப் ஆனதுதான்கா, மாத்திடறோம்" என்றார். போன வாரம் அந்த வழியாக பஸ்ஸில் போனேன், அப்படியேதான் தொங்குகிறது.

பையன்களுக்கு இங்கே ஒன்றுமே இல்லை. ஜப்பானில் பையன்கள் சூட் போடுவார்கள், அல்லது ஹகாமா என்கிற மடிப்பு வைத்த கீழாடையும் மேலே ஹாவோரி என்கிற மேலங்கியும். தம்பி மகனுக்கும் இந்த வருஷம் இருபது ஆகிறது, அவனும் கேட்கிறான். வரவழைத்துத் தருவதாக ஓனர் சொல்லியிருக்கிறார். ஹகாமாவுக்கு முன்னால் ஐந்து, பின்னால் இரண்டு மடிப்பு இருக்க வேண்டும். வந்ததும் நானே போய் எண்ணிப் பார்த்துவிட்டு இந்த நட்சத்திரத்தை மாற்றுகிறேன்.